சாதியைக் கண்ணால் கண்டவர் யார்?

1

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று ஒரு பழமொழி. பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்கிறார்கள். பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டு விழுகிறது. தத்துவ மொழியில் இதற்கு ஐயவாதம் என்று பெயர். புலன்கள் ஏமாற்றும், பிறர் சொல்லும் ஏமாற்றும், எதையும் சட்டென்று நம்பிவிடாதே என்கிறது. நல்ல போதனைதான். ஆனால் யார் விசாரிப்பது, யாரை விசாரிப்பது, எதற்காக விசாரிப்பது என்கிற மூன்று கேள்விகளைப் பழமொழி கேட்பதில்லை.

நம் தெருக்களில் இந்தப் பழமொழி வேறு மாதிரி நடைமுறையில் இருக்கிறது. ஊருக்குள் புதிதாக ஒரு ஆள் வருகிறான். சட்டையைப் பார்த்தால் தெரியவில்லை, நிறத்தைப் பார்த்தால் தெரியவில்லை. கண்ணால் கண்டது உதவவில்லை. பெயர் கேட்டால் சரவணன் என்கிறான். காதால் கேட்டதும் உதவவில்லை. அப்புறம்தான் தீர விசாரிப்பது தொடங்குகிறது. ‘தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? கோயிலுக்குக் கிழக்கயா மேற்கயா? அப்பா பேரு என்ன?’ வாடகைக்கு வீடு கேட்டுப் போனவனிடம், ‘நீங்க கறி சாப்பிடுவீங்களா’ என்று தொடங்கி, கடைசியில் ‘தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க’ என்பதில் வந்து முடிகிறது. அன்பாக முதுகில் தட்டிக்கொடுக்கிற கை, அப்படியே சட்டைக்கடியில் பூணூல் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பார்த்துக்கொள்கிறது.

இத்தனை விசாரணை எதற்கு? கண்ணுக்குத் தெரிகிற பொருளை யாரும் விசாரிப்பதில்லை. மாட்டைப் பார்த்து, ‘நீ மாடா, ஆடா, உன் சொந்த ஊர் எது’ என்று எவனும் கேட்டதில்லை. சாதி கண்ணுக்குத் தெரியாது என்பது சாதி பார்க்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்துகொண்டே ‘சாதி பார்க்கிறோம்’ என்கிறான். தமிழில் ‘சாதி கேட்கிறவன்’ என்று சொல்வதில்லை, ‘சாதி பார்க்கிறவன்’ என்றுதான் சொல்கிறோம். கேட்டு அறிந்ததைப் பார்த்து அறிந்ததாக மாற்றுகிற வித்தை இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இந்த வித்தையை இந்தியத் தத்துவவாதிகள் அறியாதவர்கள் இல்லை. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை வைத்து அவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். நம் கல்லூரித் தத்துவப் பாடத்தில் கயிற்றைப் பாம்பாகக் காண்பது வரும், கானல்நீர் வரும், சிப்பி வெள்ளியாகத் தெரிவது வரும். பார்ப்பனத்தன்மை கண்ணுக்குத் தெரியுமா என்று நடந்த சண்டை மட்டும் பெரும்பாலும் வராது. வந்தால் வகுப்பறை சும்மா இருக்காது.

2

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலர், மீமாம்சைத் தத்துவத்தின் பெரிய மூளை. பௌத்தத்தை எதிர்த்து அவர் அளவுக்கு வாதாடியவர்கள் குறைவு. அவருக்கு ஒரு சங்கடம் வந்தது, அதுவும் வேதத்துக்குள்ளிருந்தே வந்தது. நாம் பிராமணர்களா, பிராமணர் அல்லாதவர்களா என்பது நமக்குத் தெரியவில்லை என்ற பொருளில் வேத வாசகம் ஒன்று இருக்கிறது. மீமாம்சை நூலுக்கு உரை எழுதிய சபரர் அதை எடுத்துக்காட்டி, கண்கூடான விஷயத்துக்கு இந்த வாசகம் முரணாக இருக்கிறதே என்ற ஆட்சேபத்தை எழுப்புகிறார். அதாவது, பிராமணன் பிராமணன்தான் என்பது நேரிலேயே தெரிகிறபோது, தெரியவில்லை என்று வேதம் எப்படிச் சொல்லலாம் என்பது கேள்வி.

குமாரிலர் இங்கே நின்று யோசிக்கிறார். மனிதர்கள் எல்லாம் ஒரே மாதிரி கை கால்களோடு இருக்கிறார்கள், சொன்னால்தான் இன்னார் என்று தெரிகிறது, அப்படியிருக்க இதைக் காட்சி என்று எப்படிச் சொல்வது? அவர் தரும் பதில் சாமர்த்தியமானது. காட்சிக்குச் சில சமயம் துணை வேண்டியிருக்கும் என்கிறார். மலை உச்சியில் ஏறி நின்றால்தான் தெரிகிற பொருளை, ஏறிப் பார்க்க வேண்டியிருப்பதாலேயே காட்சிக்கு அப்பாற்பட்டது என்று சொல்வோமா என்று கேட்கிறார். இன்னோர் இடத்தில் உவமைகளை அடுக்குகிறார். பொன்னையும் செம்பையும் நிறத்தால் பிரித்தறிகிறோம். உருகிய நெய்யையும் எண்ணெயையும் மணத்தாலும் சுவையாலும் அறிகிறோம். சாம்பல் மூடிய நெருப்பைத் தொட்டு அறிகிறோம். தூரத்தில் நிற்கும் குதிரையைக் கனைப்பால் அறிகிறோம். பானையை வடிவத்தால் அறிகிறோம். அதே மாதிரி பிராமணத்தன்மையைப் பிறப்பால் அறிகிறோம் என்று முடிக்கிறார். சில இடங்களில் ஒழுக்கத்தாலும் அறியலாம், ஆனால் அந்த ஒழுக்கம் அரசனால் சரியாகக் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த வரிசையை மெதுவாகப் படிக்க வேண்டும். நிறம், மணம், சுவை, தொடுகை, ஓசை, வடிவம் எல்லாம் பொருளில் இருக்கின்றன. புலனைத் திறந்தால் போதும், வந்து சேரும். கடைசியில் வருகிற பிறப்பு எதிரில் நிற்கிற ஆளின் உடம்பில் எங்கே இருக்கிறது? எந்தப் புலன் அதைத் தொடும்? ஆறு உண்மையான உதாரணங்களுக்குப் பின்னால் ஏழாவதாக ஒரு பொய்யை வரிசையில் நிற்க வைத்துவிட்டார். கூட்டத்தோடு கூட்டமாக அதுவும் உள்ளே வந்துவிடுகிறது.

அரசன் எதற்கு வந்தான் என்பது அடுத்த கேள்வி. நெய்யின் மணத்துக்கு எந்த அரசனும் காவல் நிற்பதில்லை. குதிரை கனைப்பதற்கு எந்தத் தண்டனைச் சட்டமும் தேவைப்படவில்லை. பிராமணத்தன்மை தெரிய வேண்டுமானால் மட்டும் ஒரு ராஜாங்கமே கூட நிற்க வேண்டியிருக்கிறது. அதிகாரம் இல்லாமல் புலப்படாத ஒன்றை இயற்கைப் பொருள் என்று வாதாடுகிறார் குமாரிலர். வாதத்தின் உள்ளேயே அதை உடைக்கிற வாக்குமூலமும் இருக்கிறது.

இன்னும் ஒன்று. யார் யாருக்குப் பிறந்தான் என்பது தாய் ஒருத்திக்குத்தான் நேரடியாகத் தெரியும், மற்றவர்கள் ஊகத்தாலும் நம்பத்தக்கவர் சொல்வதாலும் அறிகிறார்கள் என்று குமாரிலரே ஒப்புக்கொள்கிறார். பெண்கள் தவறக்கூடுமே என்கிற ஆட்சேபத்தையும் எடுத்துக்கொள்கிறார். எல்லாப் பெண்களும் அப்படி இல்லை, பெரிய குலத்தவர் தம்மைத் தனிக் கவனத்தோடு காத்துக்கொள்கிறார்கள், அரசரும் பிராமணரும் மூதாதையர் வரிசை மறந்துபோகாமல் இருக்க வம்சாவளிப் பதிவுகள் எழுதி வைத்திருப்பதும் இதற்காகத்தான் என்கிறார். ஆக, காட்சி என்று தொடங்கிய பொருள் எங்கே வந்து முடிகிறது பாருங்கள். வீட்டுக்குள் பெண்ணுக்குக் காவல், வெளியே அரசனின் தண்டம், கையில் வம்சாவளி ஏடு. இந்த மூன்றும் சேர்ந்து கண்ணுக்கு மாட்டிவிட்ட கண்ணாடியைக் கழற்றினால் பிராமணத்தன்மை தெரியாது. அகமணமும் பெண்ணின் மேலான கட்டுப்பாடும்தான் சாதியின் இயக்கம் என்று 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை நிறுவியது. குமாரிலர் அதே இயக்கத்தைக் காவல்காரனின் பக்கத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார்.

3

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. புல்லுக்கும் மரத்துக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் இனத்துக்கு இனம் அடையாளம் வேறுபடுகிறது, மனிதரில் அப்படி எதுவும் இல்லை என்று புத்தர் வாசெட்டனுக்குச் சொன்னது சுத்தநிபாதத்தில் இருக்கிறது. அசுவகோசர் பெயரில் வழங்கும் வச்சிரசூசி, விலங்குகளின் காலடியைப் பார் என்கிறது. யானைக்கும் குதிரைக்கும் காலடி வேறு, சத்திரியனுக்கும் பிராமணனுக்கும் ஒன்றே. எட்டாம் நூற்றாண்டுச் சாந்தரட்சிதரும் பின்னால் வந்த சமண அறிஞர் பிரபாசந்திரரும் பிராமணத்தன்மை காட்சிப் பொருள் என்பதை மறுத்து எழுதினார்கள். சாந்தரட்சிதர், காலம் நெடுங்காலம் ஆகிவிட்டது, பெண்களோ சபலம் உள்ளவர்கள், ஆகவே எந்தக் குலம் சுத்தம் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார். கேள்வி கூர்மையானது. ஆனால் பெண்ணைப் பழித்துத்தான் பார்ப்பனனை வீழ்த்த வேண்டியிருக்கிறது. ஒருவர் பெண்ணுக்குப் பூட்டுப் போடுகிறார், இன்னொருவர் பூட்டு பலமில்லை என்கிறார். பூட்டு எதற்கு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

இந்தச் சண்டையின் தமிழ்ப் பக்கம் மணிமேகலையில் இருக்கிறது, ஆபுத்திரன் கதையாக. அளவைகள் பற்றிய சமயக்கணக்கர் காதையை மட்டும் தத்துவப் பகுதி என்று பிரித்து வைப்பது நம் பண்டிதர்களின் வழக்கம். என் வாசிப்பில், அறிவு எப்படி வருகிறது என்பதற்கான பெரிய சோதனை ஆபுத்திரன் கதையில்தான் நடக்கிறது.

தோட்டத்தில் விடப்பட்ட குழந்தை, பசு பாலூட்டிக் காத்த குழந்தை. இளம்பூதி என்னும் பார்ப்பனர் எடுத்து வளர்க்கிறார். வேதம் ஓதுகிறவர்களுக்கு உரிய எல்லாவற்றையும் கற்பிக்கிறார். பையன் அந்த ஊரில் அந்தணனாகவே வளர்கிறான். அத்தனை பேரும் அவனைத் தினமும் பார்க்கிறார்கள். குமாரிலர் சொன்ன பொன்னும் செம்பும் போல, நெய்யும் எண்ணெயும் போல, அவன் வேறு என்று ஒருவர் கண்ணுக்காவது பட வேண்டுமே? படவில்லை.

வேள்விக்குக் கட்டி வைத்த பசுவை அவன் காப்பாற்றப் போய்ப் பிடிபட்டு அடிபடுகிறபோதுதான் கதை திரும்புகிறது. நீங்கள் போற்றுகிற ரிஷிகள் விலங்குகளின் வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்று அவன் வாதிடுகிறான். வாதத்தில் பதில் இல்லாதபோது கூட்டத்தில் ஒருவன் எழுந்து, இவன் பிறப்பு எனக்குத் தெரியும் என்கிறான். எப்படித் தெரியும்? முன்பு குமரிக்கு நீராட வந்த வாரணாசிப் பெண் சாலி என்பவளை அவன் விசாரித்திருக்கிறான். காப்பு கடந்ததையும் குழந்தையை வழியில் விட்டு வந்ததையும் அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு வழிப்போக்குப் பேச்சு, அதிலிருந்து ஓர் ஊகம், அவ்வளவுதான். அடுத்த நொடியே அவன் இழிந்தவன் ஆகிவிடுகிறான். வளர்த்த இளம்பூதியே கைவிடுகிறார். பிச்சை கேட்டுப் போன பாத்திரத்தில் அந்தணர் ஊர்களில் கல்லைப் போடுகிறார்கள்.

பையன் உடம்பில் என்ன மாறியது? ஒன்றும் இல்லை. நேற்று ஓதிய வாய்தான், நேற்றுப் பார்த்த முகம்தான். மாறியது தகவல் மட்டும். ஆனாலும் தகவல் வந்ததும் அத்தனை பேர் கண்ணுக்கும் அவன் வேறு ஆளாகத் தெரியத் தொடங்கிவிட்டான். சாதி என்பது காட்சி இல்லை, உரைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை. அந்த உரையும் சந்தேகமே இல்லாமல் ஏற்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தீர விசாரிப்பதே மெய் என்கிற நாட்டில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவன் சொன்னால் போதும்.

ஆபுத்திரன் சிரிக்கிறான். வசிட்டனும் அகத்தியனும் யார் வயிற்றில் பிறந்தார்கள் என்று திருப்பிக் கேட்கிறான். அந்தச் சிரிப்பு நம் மரபில் தொடர்ந்து வந்திருக்கிறது. 1907இல் தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ‘வேஷ பிராமணர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது அந்த ஐயத்துக்கு ஒரு பெயரே கிடைத்தது. கண்ணுக்குத் தெரிவது வேஷம், தெரிகிறதாகச் சொல்வது கட்டிய கதை. ஐயத்தைப் பார்ப்பனத்தன்மையின் மேலேயே திருப்பிவிட்டார் பண்டிதர்.

4

அப்படியானால் ஐயவாதம் நம் பக்கமா? அவசரப்பட வேண்டாம்.

ஏறக்குறைய 800ஆம் ஆண்டைச் சேர்ந்த செயராசி என்பவர் தத்துவோபப்பிலவ சிங்கம் என்ற நூலை எழுதினார். இதன் பனையோலைச் சுவடி குசராத்தின் பாட்டன் நகரில் 1926இல் கிடைத்து, 1940இல் பரோடாவில் அச்சானது. காட்சி, கருதல், உரை என்று எந்த அளவையையும் அவர் விட்டுவைக்கவில்லை. உலகாயதர் ஏற்ற காட்சியையும் சேர்த்தே நொறுக்கினார். இந்தியாவில் ஐயவாதம் இவ்வளவு தூரம் போன நூல் வேறு ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டு அவர் சொல்வது, உலக வழக்கைப் பின்பற்ற வேண்டும், அதில் சிறுவனும் பண்டிதனும் ஒன்று என்பதுதான். ஆராயாமல் விட்டால் அன்றாட வழக்கம் இனிமையாகத்தான் இருக்கும் என்று நூலை முடிக்கிறார்.

யாருக்கு இனிமை? உலக வழக்கு என்றால் இரட்டைக் குவளையும் உலக வழக்குதான். தனிச் சுடுகாடும் உலக வழக்குதான்.

கிரேக்க ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிகஸும் இதையே சொன்னார். எதையும் உறுதியாக ஏற்காமல், ஊர்ச் சட்டத்தையும் பழக்கத்தையும் அனுசரித்து அமைதியாக வாழ்வது என்பது அவர் வழி. மீமாம்சைக்குள்ளேயே பிரபாகரர் வழியில் வந்த சாலிகநாதர், பிராமணத்தன்மை என்கிற பொதுத்தன்மையைக் கண்ணால் காண முடியாது என்று குமாரிலரை மறுத்தார். நம்ம ஆளு போல இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் குறிப்பிட்ட வம்ச வரிசையில் வந்தவன் பிராமணன் என்பதை அவர் தொடவில்லை. தத்துவத்தில் கையை எடுத்தார், நடைமுறையில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. உலகம் தோற்றம் என்று சொன்ன சங்கரரும், சூத்திரனுக்கு வேதம் கேட்கும் உரிமை இல்லை என்பதைப் பிரம்மசூத்திர உரையில் உறுதி செய்தார். உலகமே தோற்றம், ஆனால் சூத்திரன் மட்டும் நிஜம்!

ஐரோப்பாவில் டேவிட் ஹ்யூம். காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே கட்டாயத் தொடர்பை நாம் காண்பதே இல்லை என்று காட்டியவர். நாளை சூரியன் உதிக்கும் என்பதற்குக்கூட அறிவின் உத்தரவாதம் கிடையாது என்றவர். அதே ஹ்யூம், தேசிய குணங்கள் பற்றிய தமது கட்டுரைக்கு 1753இல் சேர்த்த அடிக்குறிப்பில், கறுப்பர்கள் இயல்பிலேயே வெள்ளையர்க்குத் தாழ்ந்தவர்கள் என்று கருதுவதாக எழுதினார். ஜமைக்காவில் கல்வியறிவுள்ள ஒரு கறுப்பர் இருக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்களே என்ற ஆட்சேபத்துக்கு, நாலு சொல் தெளிவாகப் பேசும் கிளியைப் போலத்தான் அவர் இருப்பார் என்று பதில் சொன்னார். அந்த மனிதர் பிரான்சிஸ் வில்லியம்ஸ், லத்தீனில் கவிதை எழுதியவர். சூரியனைச் சந்தேகித்தவருக்குத் தம் வெள்ளைத் தோலின் உயர்வில் சந்தேகம் வரவில்லை. 2020இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவர் பெயரிலிருந்த கட்டடத்துக்குப் பெயரை மாற்றியதன் பின்னணியில் இந்த அடிக்குறிப்பு இருக்கிறது.

ஆகவே ஐயம் என்பது தானாகவே புரட்சிகரமானது இல்லை. அது யாருடைய கையில் இருக்கிறது, எதன் மேல் பாய்கிறது, எதற்கு முன்னால் வாலைச் சுருட்டிக்கொள்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. 1990களில் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் பின்நவீனத்துவம் பேசப்பட்டபோது, உண்மை என்று ஒன்று இல்லை, எல்லாம் கதையாடல் என்ற குரல் ஒலித்தது. பெருங்கதையாடல்களை உடைக்க அது நமக்கும் உதவியது. மறுப்பதற்கில்லை. ஆனால் தலித்துகள் தங்கள் வாழ்க்கையை எழுத வந்தபோது அதே வாள் நம் கழுத்துக்கும் வந்தது. ‘உங்க அனுபவமும் ஒரு கதையாடல்தானே, அதுல மட்டும் என்ன உண்மை?’ 1992இல் பாமாவின் கருக்கு வந்தபோது, இது நாவலா, வெறும் அனுபவப் பதிவா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ‘வெறும்’ என்கிற சொல்லில் இருப்பது அழகியல் அளவுகோல் மட்டுமல்ல. இன்னாருக்கு அனுபவம் மட்டும் உண்டு, அறிவு கிடையாது என்கிற தீர்ப்பும் அதில் இருக்கிறது. அனுபவிக்கிறவர் ஒருவர், அதைக் கோட்பாடாக்குகிறவர் வேறொருவர் என்கிற இந்தப் பிரிவினையைத்தான் கோபால் குரு 2002இல் சமூக அறிவியல் துறைகளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்.

5

அறிவு சாத்தியமா என்பது நமக்கு நாற்காலித் தத்துவம் இல்லை. நீதிமன்றக் கூண்டில் நிற்கிற பிரச்சினை.

நியாயத் தத்துவம் நம்பத்தக்கவரின் சொல்லை அளவையாக ஏற்கிறது. நம்பத்தக்கவர் யார் என்பதற்கு உரைகாரர் வாத்சியாயனர் தரும் விளக்கம், பொருளை நேராக அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிறவர் என்பது. இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் சொல்கிறார். தர்க்கம் கதவைத் திறந்துதான் வைத்தது. மூடியது மனு. பெண்களுக்குப் பெண்கள் சாட்சி, இருபிறப்பாளர்க்கு இருபிறப்பாளர், சூத்திரர்க்குச் சூத்திரர், கடைப்பிறப்பினர்க்குக் கடைப்பிறப்பினர் என்று எட்டாம் அத்தியாயம் பிரித்து வைத்தது. கண்ணால் கண்டது எதுவாக இருந்தாலும், யார் கண்ணால் கண்டது என்பதைப் பொறுத்துத்தான் அது அறிவாகும்.

மனு பழைய கதை என்பவர்கள் கீழ்வெண்மணியை எடுத்துப் படிக்கட்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1970இல் கீழ்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அவர்கள் பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருக்கிறவரும் அதில் உண்டு, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் இடம்பெற்ற ஒரு வாதம்.

அளவையின் மொழியில் இதைப் படித்துப் பாருங்கள். தர்க்க நூல்களில் கருதலுக்குத் தரும் பாடம், புகையைக் கண்டு நெருப்பை அறிவது. வெண்மணிக்காரர்கள் புகையை வைத்து எதையும் ஊகிக்கவில்லை. நெருப்பையே கண்டார்கள், வைத்தவர்களையும் கண்டதாகச் சொன்னார்கள். அந்தக் காட்சியை ஓர் ஊகம் தள்ளுபடி செய்தது. பணக்காரன் நடந்து வரமாட்டான் என்கிற ஊகம். ராஜஸ்தானில் பன்வாரி தேவி வழக்கில் 1995இல் கீழ்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தபோதும் இதே கருதல்தான் வேலை செய்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்களாம். மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய நூலில், கேட்பவரின் முன்முடிவால் ஒருவர் சொல்லுக்கு உரிய நம்பகம் மறுக்கப்படுவதை ஓர் அநீதி என்று தனியே பெயரிட்டுக் காட்டினார். நம் மக்கள் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அதைச் சாப்பிட்டுச் செரித்தவர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊரில் தீர விசாரித்துச் சாதி அறிகிறவன், வன்கொடுமை வழக்கில் கூண்டில் ஏறியதும் பெரிய ஐயவாதி ஆகிவிடுகிறான். ‘அவர் என்ன சாதின்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா.’ பக்கத்துத் தெருவில் முப்பது வருஷமாகக் குடியிருந்தாலும் தெரியாது! 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருந்தால், சாதியும் அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளையும் அதே திருத்தம் தனிப் பிரிவாகச் சேர்த்தது. ‘தெரியாது’ என்பதும் அதிகாரத்தின் ஒரு நிலைப்பாடுதான் என்று இந்தியச் சட்டம் இந்த ஒரு இடத்திலாவது புரிந்துகொண்டிருக்கிறது. காகிதத்தில் இருப்பதைக் கூண்டில் நிலைநாட்டுவது நம் வழக்கறிஞர்களின், இயக்கங்களின் வேலை.

6

நாம் எடுக்க வேண்டிய நிலை என்ன? ஐயத்தைக் கைவிடக் கூடாது. பிறப்பு, வம்சம், தீட்டு, பரம்பரை என்று யாராவது கண்கூடாகக் கண்டதாகச் சொன்னால், எந்தக் கண்ணால் கண்டாய் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் உட்சாதிகளுக்குள் ஒருவரை ஒருவர் தாழ்வாகப் ‘பார்க்கிற’ கண்ணையும் சேர்த்துத்தான். அங்கே சலுகை கொடுத்தால் குமாரிலர் ஜெயித்துவிடுவார்.

அதே சமயம் அறிவு சாத்தியம் இல்லை என்கிற சொகுசுக்கு நாம் போக முடியாது. அடிபட்டவனுக்கு அடி தெரியும். கல் விழுந்த பாத்திரத்தை ஏந்தியவனுக்குக் கல் தெரியும். அது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்று நாம் கோரவில்லை. எல்லோர் சொல்லையும் எந்தத் தராசில் நிறுக்கிறீர்களோ, அதே தராசில் நம் சொல்லையும் நிறுங்கள் என்றுதான் கேட்கிறோம். வாத்சியாயனர் மிலேச்சனுக்குக் கொடுத்த இடத்தைக்கூட நீதிமன்றமும் இலக்கிய விமர்சனமும் பல்கலைக்கழகமும் நமக்குத் தராவிட்டால், அவர்கள் பேசுகிற பகுத்தறிவுக்கு என்ன மரியாதை?

நம் படிப்பு வட்டங்களில் இந்தப் பழைய சண்டைகளை எடுத்துப் பேச வேண்டும். குமாரிலரைப் பார்ப்பனர்களிடம் விட்டுவிடக் கூடாது. அவர் வாக்குமூலம் நமக்குத்தான் அதிகம் பயன்படும். இன்னொரு வேலையும் இருக்கிறது. பிறப்பு மறந்துபோகாமல் இருக்க அவர்கள் வம்சாவளி ஏடு எழுதி வைத்தார்கள். நாம் நடந்ததை எழுதி வைப்போம். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள், காவல் நிலையத்தில் என்ன எழுதினார்கள், என்ன எழுத மறுத்தார்கள், மருத்துவர் எந்தக் காயத்தைக் குறித்தார், எதை விட்டார் என்று ஒவ்வொன்றாக. நாளைக்கு எவனாவது வந்து கண்ணால் கண்டதும் பொய் என்று பழமொழி சொன்னால், எடுத்துக் காட்ட நம் கையில் ஏடு இருக்க வேண்டும்.